கரித்திட்டு

ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தொய்வது வழக்கம். அன்றும் தொய்ந்தது. இரு கையும் விரித்த நீளத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்த முடிச்சை எண்ணிவிட்டு, "ரெண்டு பாகம்" என்று சொல்லத் திருவேங்கடம் வாயெடுத்தான். அதற்குள் அவன் விரல்களுக்கிடையே கயிறு இன்னும் நாலு விரற்கடை தொய்ந்தது. காற்றில்லை, அலையில்லை, தோணி நின்ற இடத்திலேயே நின்றது. கீழே ஏதோ ஒன்று குண்டை மெல்லத் தூக்கி, சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இறக்கியது. மறுபடியும் தூக்கியது. தூங்குகிறவன் நெஞ்சில் கை வைத்தால் கை ஏறி இறங்குமே, அதுபோல.

"ரெண்டு பாகம்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கயிற்றை இழுத்தான். தோணியின் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்த கணக்கர் வேதாசலம் எண்ணை எழுதிக்கொண்டார். முனையில் உட்கார்ந்திருந்த வைக்கோல் நிற முடிகொண்ட துரை குண்டை வாங்கி, அதன் அடியில் பூசியிருந்த ஆட்டுக்கொழுப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரி" என்றார்.

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரரான ஒல்லாந்தரின் கொடி பறந்த நாட்கள் அவை. அந்தத் துரைக்குக் கோட்டையில் என்ன பெயரோ, குப்பத்தில் அளவுத்துரை என்றே சொன்னார்கள். கப்பலிலிருந்து இறங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஏரியைக் கோடு கோடாகப் பிரித்து ஆழம் பார்க்கிறார். சேற்றின் நிறம், தண்ணீரின் உப்பு, எந்தக் கரையில் எந்தப் பறவை இறங்குகிறது, முன்பு வலையில் விழுந்து இப்போது விழாத மீன் எது, எல்லாவற்றையும் கேட்டு எழுதச் சொல்வார். அவருடைய அரைகுறைத் தமிழை வேதாசலம் முழுத்தமிழாக்கிச் சொல்வார். இந்த ஊர் பெருத்ததால் ஏரிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் துரையின் வேலை என்று அவர்தான் திருவேங்கடத்துக்கு விளங்க வைத்தார்.

துரையிடம் நாற்பது வருடத்துக்கு முந்தைய படம் ஒன்று இருந்தது. அதில் ஏரியின் நடுவே ஒரு திட்டு, திட்டு நிறைய, உப்புநீரில் வேர்விடும் கண்டல் மரங்கள். வெடிமருந்துச் சாலைக்குக் கரி வேண்டுமென்று அந்தக் காட்டை இரண்டே வருடத்தில் வெட்டி, அங்கேயே மூட்டம் போட்டு எரித்தார்கள். வேர் போனதும் மண் நிற்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் திட்டு கரைந்து தண்ணீராகிவிட்டது. கரித்திட்டு என்ற பெயர் மட்டும் மிச்சம். வெட்டியவர்களில் தன் நைனாவும் ஒருவர் என்பதைத் திருவேங்கடம் துரையிடம் சொல்லவில்லை.

இப்போது வடக்குக் கரையில் இருக்கும் கடைசிக் கண்டல் காட்டையும் தை அமாவாசை கழிந்ததும் வெட்டப் போகிறார்கள். கூலியாட்களைத் திரட்டிக்கொண்டு சந்தியாகு மேஸ்திரி கோட்டை வாசலிலேயே குடிசை போட்டுவிட்டான். இறால் குஞ்சு பொரிப்பதெல்லாம் அந்தக் காட்டின் வேரடியில்தான்; அது போனால் குப்பமும் போகவேண்டியதுதான். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கோட்டைத் தலைவர் வெட்டுவதை நிறுத்துவார் என்று துரை நம்பினார். திருவேங்கடமும் நம்பினான். அதனால்தான் கயிறு அசைந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தான் என்று துரை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால், ஏரி தெரியாத எவனோ தப்பாக அளந்து எல்லாம் பாழாகும்.

மறுநாள் அதே இடத்தில் ஒன்றே முக்கால் பாகம். அடுத்த நாள் ஒன்றரை.

வேதாசலம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒழுங்காகக் கயிறு விடவில்லையா என்று கடிந்துகொண்டார். துரை கயிற்றைத் தானே வாங்கிக் குண்டை இறக்கினார். அவர் முகத்தையே திருவேங்கடம் பார்த்துக்கொண்டிருந்தான். குண்டு தரை தொட்டது. துரையின் கண்கள் அகன்றன. சிவந்த முகம் மெல்ல வெளுத்தது. கயிற்றை விட்டுவிடுவார் என்று அவன் எதிர்பார்த்தான். துரையோ கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையின் மூச்சைக் கேட்கும் தகப்பனைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு ஏறும்வரை அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். இழுத்தபோது குண்டின் அடியில் கரியோடு கூட ஒரு வேர்நுனி ஒட்டியிருந்தது. ஈரமாக, புதிதாக. நகத்தால் கிள்ளினார். உள்ளே சிவப்பு.

அதற்குப் பிறகு மற்றக் கோடுகளை அவர் அளக்கவே இல்லை. தினமும் அங்கேதான். நீர் குறையக் குறைய, சூளைப் புகையும் அழுகிய இலையும் கலந்ததுபோல் ஒரு வாடை அங்கே எழுந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அது திருவேங்கடத்தின் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது, மனைவி வேலம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது அவளுக்குப் பழகிய வேலை. ஒருநாளும் வெறுங்கையோடு வந்தவளில்லை. அன்று பறியையே காணோம். வலது கையை மடியில் வைத்து முந்தானையால் சுற்றியிருந்தாள்.

"இன்னா, பாம்பு தீண்டிச்சா?" என்றான்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "சேத்துல கை வெச்சேன் மாமா. அங்க ஒரு கை இருந்திச்சு" என்றாள்.

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புடிச்சி இழுக்கலை. நா எறாவ எப்பிடித் தடவுறேன், அப்பிடித் தடவிச்சு. ஒவ்வொரு வெரலா. பெருசா சின்னதானு பாக்குற மாதிரி. பாத்துட்டு விட்டுடுச்சு."

முந்தானையை அவிழ்த்துப் பார்த்தான். காயமில்லை. ஐந்து விரலிலும், ஒவ்வொரு கணுவிலும், கரியால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. அளவு குறிக்கத் தச்சன் மரத்தில் போடுவானே, அந்த மாதிரிக் கோடு. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

இனி போகாதே என்று அவள் கெஞ்சினாள். அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, படம் முடியட்டும் என்று அவன் சொன்னான். வடக்குக் காடு நின்றால் போதும், பிறகு துரை பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. சூரியன் எழுந்து இரண்டு நாழிகை ஆகியும் விலகவில்லை. கழி போட்டுத் தள்ளிய திருவேங்கடத்துக்குத் தோணியின் முனையில் இருந்த துரையின் முதுகு மங்கலாகத்தான் தெரிந்தது. நாரை இல்லை, நீர்க்காகம் இல்லை. எப்போதும் கேட்கும் கோட்டை மணியும் கேட்கவில்லை. கழியை ஊன்றும்போது 'சளக்' என்ற சத்தம். பிடுங்கும்போது யாரோ மூச்சை இழுப்பதுபோல் ஒரு சத்தம். கரித்திட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அவன் மனக்கணக்குப் போடும்போதே தோணி எதன்மேலோ உரசி நின்றது.

குண்டை இறக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கணுக்கால் அளவுதான். கறுத்த சேறு கண்ணாடிபோல் தெரிந்தது. சேறு முழுக்க, விரல் உயரத்துக்கு, கண்டலின் மூச்சுவேர்கள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன.

நேற்று இங்கே கழுத்தளவு ஆழம்.

துரை செருப்பைக் கழற்றி வைத்தார். "இங்கே நிலம் இருக்கிறது" என்று தமிழில் சொன்னார். அழுதுகொண்டிருக்கிறாரோ என்று திருவேங்கடத்துக்குத் தோன்றியது. இறங்கினார்.

"இறங்காதீங்க தொர. திரும்பிடலாம்" என்றான். அவர் காதில் விழவில்லை. நடந்தார். பத்தடி தள்ளிப் பனி அவரை மூடிக்கொண்டது. அவர் எட்டு வைத்து அளக்கும் குரல் மட்டும் அவருடைய பாஷையில் வந்துகொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு அந்த எண்கள் திருவேங்கடத்துக்குப் பாடம்.

பதினேழில் குரல் நின்றது.

வேதாசலம் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கினார். துரையைத் தனியாக விட்டுப் போனால் கோட்டையில் தன் தலையை எடுத்துவிடுவார்கள் என்று முணுமுணுத்தார். இறங்க வேண்டாமென்று திருவேங்கடம் அவர் மேல்துண்டைப் பிடித்தான். துண்டு கையோடு வந்துவிட்டது. அவரும் போனார்.

பனி. வாடை. கையில் துண்டு.

பிறகு துரையின் குரல் மறுபடி கேட்டது. பதினெட்டு. நிதானமாக, சுகமாக. கூடவே வேதாசலத்தின் குரல். அதே எண். அதே இழுப்பு. இரண்டு குரலும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல்.

பத்தொன்பது.

இப்போது இரண்டு குரல் இல்லை. பத்துக் குரல். வலப்பக்கம். இடப்பக்கம். பின்னால். தோணிக்கு அடியில்.

கழியைப் பிடுங்கினான். வரவில்லை. கீழே எதுவோ கழியைக் கணுக்கணுவாகத் தடவியபடி மேலே ஏறுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. விட்டான். பலகையை ஒடித்துத் துடுப்பாக்கினான். தள்ளினான். அழுதான். தள்ளினான். எண்ணிக்கை பின்னாலேயே வந்தது.

கோட்டையிலிருந்து ஆட்கள் வந்து இரண்டு நாள் தேடினார்கள். கரித்திட்டில் குண்டை இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு பாகத் தண்ணீர், மேலே நாரை, கீழே வெறும் சேறு. படம் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. தோணி கவிழ்ந்தது என்று எழுதிக்கொண்டு, திருவேங்கடத்துக்குப் பத்துச் சாட்டையடி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் நடந்ததை நடந்தபடிதான் சொன்னான். எழுதியவன் சிரித்தான்.

அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் சந்தியாகு மேஸ்திரி அவன் வாசலில் வந்து நின்றான். பின்னால் கோடாலியோடு முப்பது பேர். வடக்குக்குப் போக வேண்டிய அவசியமே இல்லையாம். அரை நாழிகைத் தூரத்தில் ஏரி நடுவிலேயே மரம் இருக்கிறதாம், கோட்டைச் சுவரில் நின்றவன் பார்த்துவிட்டு வந்து சொன்னானாம். "ராவோட ராவா திட்டு மேல வந்துக்கீது. அந்த வழி ஒனக்குத்தான் தெரியும்னாங்க. வா, காட்டு" என்றான். முதுகுப்புண் ஆறாத திருவேங்கடம் முடியாது என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தோணிக்குள் தள்ளினார்கள். வேலம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டே தண்ணீர்வரை வந்தாள். பிடியை விடும்போது, "கண்ண மூடிக்க மாமா" என்றாள்.

அவன் மூடிக்கொள்ளவில்லை.

நல்ல வெயில். பனி துளியும் இல்லை. கறுத்த திட்டின்மேல் கண்டல் மரங்கள் இடைவெளி விட்டு, அளந்து நட்டதுபோல் நின்றன. எல்லாம் ஆள் உயரம், சிலது ஒரு முழம் கூட. ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு பெருங்கிளை, மேலே தூக்கியபடி. பட்டை கறுப்பு. வெட்டுகிறவர்கள் மகிழ்ச்சியோடு இறங்கினார்கள். சேறு கெட்டி, மரம் இளசு, பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் காலடியில் மூச்சுவேர்கள் நொறுங்கின.

காட்டின் ஓரத்தில் இரண்டு மரம் மட்டும் புதிதாக இருந்தன. ஒன்றின் பட்டை வெளுத்து, ஆங்காங்கே சிவப்பு ஓடியிருந்தது. உச்சி இலைகள் வைக்கோல் நிறம். இன்னொன்று குட்டை, அதன் கக்கத்தில் ஏதோ சுருண்டு பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது.

திருவேங்கடம் மேஸ்திரியின் காலைப் பிடித்தான். "வோணாம் மேஸ்திரி. அது மரமில்ல" என்றான். சந்தியாகு உதறிவிட்டு, வெளுத்த மரத்திலிருந்தே தொடங்கச் சொன்னான்.

கோடாலி இறங்கியது.

மரம் விழும் சத்தமில்லை. யாரும் கத்தவுமில்லை. வெட்டியவன் கோடாலியை அப்படியே விட்டுவிட்டுத் தன் கையில் சிவப்பாகத் தெறித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெட்டுவாய் அகன்று, மெதுவாக மூச்சை இழுத்தது. பக்கத்து மரம் இழுத்தது. அதற்கடுத்தது. காட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சாக இழுத்து முடிந்ததும், காற்றே இல்லாத அந்த வெயிலில், எல்லா மரமும் கிளைகளைத் தாழ்த்தின. நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மரமும் தனக்கு நேராக நின்றவனை, வெட்டுகிறவன் மரத்தை அளப்பதுபோல், தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்க்கத் தொடங்கியது.