அசையாத தண்ணீர்

பாட்டிலுக்குள் இருந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடக் கூடாது. நெஞ்சுக்குள் ரத்தம் எந்த வேகத்தில் பாய்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் அளந்து முடித்ததும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய அந்தத் தண்ணீர் பாட்டிலை அதே இடத்தில் படுக்கவைத்து இன்னொரு படம் எடுப்பாள் அக்கா. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். சும்மா கிடக்கும் தண்ணீர் ஓடுவதாகத் தெரிந்தால் அது இயந்திரம் சொல்லும் பொய்; அந்தப் பொய்யை நோயாளியின் அளவிலிருந்து கழித்துவிட வேண்டும். இன்றைய நோயாளி அவளுடைய சொந்தத் தம்பி. அவன் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்பதை இந்தப் படம்தான் சொல்லப்போகிறது.

திரையில் ஒரே சாம்பலாக இருக்க வேண்டிய தண்ணீரின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தட்டிக்கொண்டே இருக்க, ஏசியின் குளிரும் ஸ்பிரிட் வாசனையும் எப்போதும்போலவே இருக்க, அந்த வட்டம் மட்டும் துடித்தது. டாக்டருக்குப் போன் செய்தாள். மேசை அதிர்ந்திருக்கும், கழித்துவிட்டு அனுப்பு என்று சிரித்தார்.

கழித்தாள். தம்பியின் நெஞ்சிலுள்ள பெரிய ரத்தக்குழாயில் எதுவுமே ஓடவில்லை; அவனுடைய ஓட்டம் அத்தனையும் பாட்டிலில் இருந்தது.

உடை மாற்றும் அறையிலிருந்து எட்டித் திரையைப் பார்த்தான் தம்பி. "என்னக்கா, நெஞ்சு காலியா? எனக்கு அது எப்பவுமே காலிதான்." உடனே கையைத் தேய்த்துக்கொண்டான். "கைதான் ஜில்லுனு மரத்துப்போச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. கேவலம் ஒரு தண்ணீர் பாட்டில், அவள் தம்பியிடமிருந்தா பிடுங்கும்? விறுவிறுவென்று உள்ளே போய் அதைத் தூக்கினாள்.

சூடாக இருந்தது.

ஸ்பீக்கர் பேசியது. "மூச்சை இழுத்துப் பிடிங்க."

அவள் குரல்தான். நோயாளிகளுக்காக என்றோ பதிவு செய்தது. யாரும் பட்டனை அழுத்தவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி சமர்த்தாக மூச்சை இழுத்தான். நெஞ்சு உப்பி நின்றது. அடுத்து "விடுங்க" வர வேண்டும்.

வரவில்லை.

"விடுடா!" கத்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்தான். உதடு நீலம் பாய்ந்தது.

அவள் டேப்பைக் கிழித்தாள். மூடியைத் திருகி எறிந்தாள்.

"அவன விட்டுரு. அவன் என் தம்பி. குடுக்க மாட்டேன்."

"விடுங்க," என்றது ஸ்பீக்கர்.

பாட்டில் மூச்சு விட்டது. வெதுவெதுப்பாக, அவள் கன்னத்தில்.

தம்பி விடவில்லை.

ஒரு மூச்சுகூட உனக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையால் பாட்டிலின் வாயை இறுக அடைத்தாள். அது திமிறியது. அவள் இன்னும் அழுத்தினாள்.

கைக்கு அடியில் இரண்டு உதடுகள் அசைந்தன.

"அக்கா," என்றன, தம்பியின் குரலில்.