கதவு இருந்த இடத்தில் ஒரு கல்

மாலை வகுப்பு முடிந்து நான் வீடு திரும்பும் வழியில்தான் அந்த நினைவுக்கல் இருக்கிறது. தையல் கூடம் எரிந்தபோது வெளியிலிருந்து பூட்டியிருந்த கதவு நின்ற இடம் அது. கதவின் உயரத்துக்கே ஒரு கறுப்புக் கல்லை நிறுத்தி, உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அக்காவின் பெயர் என் தோள் உயரத்தில் வரும்.

அவள் உடல் என்று எதையும் எங்களுக்குக் காட்டவில்லை. அதனால் அவள் இறந்ததை அம்மா நம்பவில்லை. படுத்தவள் எழவேயில்லை, சாப்பாட்டை நீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"அவ உள்ளதான்டி இருக்கா. ஒரு தடவ காது வச்சுக் கேட்டுட்டு வா. ஒண்ணும் கேக்கலன்னா சத்தியமா சாப்பிடுறேன்."

அதற்காகத்தான் நேற்று அங்கே நின்றேன். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. காவலாளி கல்லைக் கழுவித் துடைத்துவிட்டு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

காது வைத்தேன். கல் சில்லென்றிருந்தது. உள்ளே ஏதோ அதிர்ந்தது.

பேருந்தாக இருக்கும். நான் எதையும் ஒரே தடவையில் நம்புகிறவள் அல்ல, அதிலும் என் காதை. சாலை ஓயும்வரை காத்திருந்தேன். மேல் வரிசைப் பெயர் ஒன்றில் காது வைத்தேன். அமைதி. குனிந்து கீழே வைத்தேன். அமைதி. மறுபடி அக்காவின் பெயரில்.

டொக். டொக். பிறகு உள்ளங்கையால் ஓர் அறை.

குளியலறையில் நான் நேரம் கடத்தினால் அக்கா இப்படித்தான் தட்டுவாள். "உள்ள குடித்தனமே நடத்துறியாடி? வெளிய வா!"

யோசிக்கும் முன்பே என் விரல்கள் பதிலுக்குத் தட்டிவிட்டன.

"கல்லுகிட்ட என்னம்மா ரகசியம்?" சிரித்தபடி வந்த காவலாளி என் கையைப் பார்த்ததும் நின்றார். குரல் இறங்கிவிட்டது. "பதிலுக்குத் தட்டினியா?"

"ஏண்ணே?"

"தட்டியிருக்கக் கூடாதும்மா. தட்டினா விட மாட்டாங்க."

கல் சுட ஆரம்பித்தது.

துணி கருகும் நாற்றம். காதை ஒட்டி ஒரு மூச்சு.

"ஏய்... சாவி யாருகிட்டடி இருக்கு?"

கல்லின் பின்பக்கம் ஓடினேன். வெறும் புல்தரை. திரும்பி வந்து இரண்டு கையாலும் தள்ளினேன், விளிம்பைப் பிறாண்டினேன். நகம் பிய்ந்தது. காவலாளிதான் என்னை இழுத்துச் சாலையில் விட்டார்.

"ஒண்ணும் கேக்கலம்மா," என்றேன் வீட்டில்.

அம்மா சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கினாள். ஒரு வாய். இன்னொரு வாய். அழுதுவிடக் கூடாதே என்று நான் தண்ணீர் ஊற்றுவதிலேயே கவனமாக இருந்தேன்.

அவள் கை பாதியில் நின்றது.

என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். முந்தானையால் என் காதைத் துடைத்தாள். துணி கறுத்தது. சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். காதில் மட்டுமில்லை, கன்னத்தில் நான்கு விரல்கள், தாடையில் கட்டைவிரல். கரியால் பதிந்திருந்தன. யாரோ என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்ததுபோல.

அம்மா தட்டைத் தள்ளினாள். கட்டிலிலிருந்து இறங்காத கால்கள் தரையைத் தொட்டன.

"பொய் சொல்லாதடி. பூட்ட உடைக்க வீட்டுல என்ன இருக்கு, எடு."

அவள் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தபோது, என் இன்னொரு கன்னத்திலும் மெல்லச் சூடு பரவியது.