மூன்று கால் மயில்

ஆரணியில் ஒரு மயிலுக்கு மூன்று கால் முளைத்த கதை இது. நம்பாதவர்கள் ராமதாஸ் மாமா நெய்த பட்டுச் சேலையின் முந்தானையைப் போய்ப் பார்க்கலாம்.

ஐந்தாம் வகுப்பு சுபலட்சுமியின் அம்மா ஹேமலதா, சேலை டிசைன் வரைய 'கட்டம்' என்று ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிரித்துப் பாருங்கள், திருத்துங்கள்" என்று இணையத்தில் இலவசமாகவே வைத்துவிட்டார்.

எடுத்துக்கொண்டவர்கள் எட்டுக் கோடிப் பேர்! சரி, எண்ணூறு பேர் இருக்கும். திருத்த வந்தவர்கள்? ஒருவரும் இல்லை. குறை சொல்ல வந்தவர்கள்? எண்ணூறு பேரும்!

பிழைப்புக்கு அம்மா செய்யாறில் ஒரு கம்பெனிக்குப் போனார். வாரத்துக்கு ஆறு நாள், போதாததற்கு ஞாயிறு ஷிப்டு. 'கட்டம்' வேலையைக் கம்பெனி பஸ்ஸில்தான் பார்ப்பார். பஸ் பள்ளத்தில் குதித்தால் லேப்டாப் கூரையில் இடித்துவிட்டு மறுபடி மடியில் வந்து உட்காரும்.

ஒருநாள் அம்மா சொன்னார். "இந்த மாசத்தோட 'கட்டத்த' மூடிடப் போறேன் சுபா. என்னால முடியல கண்ணு."

சுபா பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். எவ்வளவு களைத்திருந்தாலும், 'கட்டம்' திறந்தால் அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதையுமா மூடுவது?

மறுநாள் விடிந்ததும் ராமதாஸ் மாமா வீட்டுப் பாவு. தறியில் ஏற்றும் நீள நூல்தான் பாவு. அதைத் தெருவில் நீட்டி, இழுத்துப் பிடித்து, சிக்கெடுக்க வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து பிடிக்கும். கூலி கிடையாது, டீ உண்டு. அன்றைய பாவு கண்ணமங்கலம் வரை நீண்டதென்று சுபா சத்தியமே செய்வாள்.

இந்த முனையில் அம்மா இரண்டு கையாலும் கோலைப் பிடித்திருந்தார். அவருடைய பையில் போன் அலறியது. நின்றது. மறுபடி அலறியது. சுபா எடுத்தாள்.

"ஹேமாம்மா! 'கட்டத்துல' மயிலுக்கு மூணு கால் வந்துகினே இருக்குது! பாக்காம ஒரு சேலையே நெய்துட்டேன்! போன வாரத்திலேந்து ஒரே பேஜார். ஜல்தி சரி பண்ணும்மா!"

குரல் போனிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது. சுபா எட்டிப் பார்த்தாள். பாவின் அந்த முனையில், கையில் டீ டம்ளரும் தோளில் இடுக்கிய போனுமாக ராமதாஸ் மாமா!

"மாமா, அம்மாவோட ரெண்டு கையும் உங்க பாவுலதான் இருக்குது. ஒரு கைய எடுத்துக்கச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேணாம்! பாவு தொங்கிப் போயிடும்!"

தெரு சிரித்த சிரிப்பில் காக்கைகள் வெம்பாக்கத்துக்கே பறந்துவிட்டன. சுபா மட்டும் சிரிக்கவில்லை.

"'கட்டமும்' பாவு மாதிரிதானே மாமா? நெய்யறது எல்லாரும், புடிக்கிறது அம்மா மட்டுமா? அதான் மூடப் போறாங்க."

"இன்னாது, மூடறதா?" என்று அலறினார், நெசவாளர்களுக்குக் 'கட்டத்தில்' வரைந்து தரும் டிசைன் கடை பானுப்ரியா அக்கா. "அப்போ என் கடைக்கும் பூட்டுதான்!"

"அப்போ முறை போட்டுக்கலாமா?" என்றாள் சுபா.

காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள். திங்கட்கிழமை போனுக்குப் பதில் சொல்வது ராமதாஸ் மாமா. செவ்வாய்க்கிழமை பானுப்ரியா அக்கா. அக்காவின் தம்பி, கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் முத்துவேல், "தப்பைத் திருத்த நான் வரேன்" என்று கை தூக்கினான்.

"எங்க நாலு டிசைன் கடையும் சேர்ந்து மாசாமாசம் சம்பளம் மாதிரி குடுத்துடறோம்" என்றார் அக்கா. "நீங்க அந்த ஞாயித்துக்கிழமை ஷிப்ட விட்டுட்டு இத பாருங்க. எல்லாருக்கும் இலவசமாவே இருக்கட்டும்."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் பாவில் இருந்தன. சுபாதான் துடைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அம்மாவும் முத்துவேலும் மயிலின் மூன்றாவது காலை எடுத்தார்கள். திங்கட்கிழமை காலை போன் அடித்தது. சுபா எடுத்தாள்.

"சுபா! அந்த மூணு கால் சேல வித்துப்போச்சு! இன்னும் பத்து வேணுமாம், மூணு காலோடயே!"

"இன்னிக்கு உங்க முறை மாமா" என்றாள் சுபா. "கால நீங்களே வரைஞ்சுக்குங்க!"