பரணில் மூன்றாவது வயர்

மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அவரை ஊரே இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டது. வாழ்நாளில் அவர் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. திருட்டு மின்சாரத்தை மட்டுமே பிடித்திருக்கிறார். மழை விடாமல் பெய்த ஒரு மதியம் அவரைத் தேடி ஒரு பெண் வந்தாள்.

"எங்க அம்மாவைத் திங்கட்கிழமை மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எங்க வீட்டு வயரிங்கைப் பாருங்க சார்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவளுடைய தம்பி ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவன். ஐந்து மாதம் முன்பு சாலை விபத்தில் போய்விட்டான். வீட்டின் காற்றையெல்லாம் இழுத்து வெளியேற்ற, பரணில் ஒரு ஃபேனைப் பொருத்தியவன் அவன்தான். அது எப்போதும் மெதுவாக ஓடும். சமையலறையிலோ குளியலறையிலோ விளக்கைப் போட்டால் வேகம் பிடிக்கும். இப்போது தினமும் நாலு மணிக்கு, இரண்டு விளக்கும் அணைந்திருக்கும்போதே வேகம் பிடிக்கிறது.

"உடனே அம்மா, 'அவன் வந்துட்டான், யாரும் எழுந்து போகாதீங்க'ங்கறாங்க சார்."

"இதென்ன பெரிய மர்மம் மச்சான்! யாரோ விளக்கைப் போட்டு அணைச்சிருப்பாங்க. அணைச்ச பிறகும் பத்து நிமிஷம் ஃபேன் வேகமா ஓடுமே" என்றார் இன்ஸ்பெக்டரின் மைத்துனர். துப்பு என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"எவ்வளவு நேரம் ஓடுதும்மா?"

"முக்கால் மணி நேரம் சார்."

மைத்துனரின் முகம் தொங்கிப்போனது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு மணியாகச் சில நிமிடங்கள் இருந்தன. பெண்ணின் அப்பா கையில் குடையோடு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மகன் செத்தன்னைக்குக்கூட அழாத மனுஷன். அவன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார்" என்று மகள் கிசுகிசுத்தாள்.

நாலு மணிக்கு ஃபேன் வேகம் பிடித்தது. "அவன் வந்துட்டான்" என்றாள் அம்மா, கூடத்தில் உட்கார்ந்தபடியே. மைத்துனர் ஓடிப்போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் அணைந்தே இருந்தன.

இன்ஸ்பெக்டர் பரணில் ஏறி ஃபேனின் பெட்டியைத் திறந்தார். வேகத்தைக் கூட்டும் இணைப்பில் சுவிட்சுகளிலிருந்து மூன்று வயர்கள் வந்து சேர்ந்தன. ஒன்று சமையலறைக்கு, ஒன்று குளியலறைக்கு. மூன்றாவது, தம்பி வேலை செய்த பின்னறைக்குப் போயிற்று. அந்த அறைக் கதவு பூட்டிக் கிடந்தது. அடியில் வெளிச்சமும் இல்லை.

"அங்க பல்பே கிடையாது சார். போன மாசம் பார்த்தேன், ஹோல்டர் காலி" என்றாள் மகள்.

இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டவில்லை. ஐந்து மணிக்கு அப்பா வீடு திரும்பும்வரை காத்திருந்து, எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார்.

"சால்டரிங் புகை வெளிய போகணும்னு உங்க தம்பி அவன் ரூம் சுவிட்சையும் ஃபேனோட இணைச்சிருக்கான். சுவிட்சைப் போட்டாலே போதும், ஃபேன் வேகம் பிடிக்கும், பல்பு வேண்டியதில்லை. வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு யாரோ பல்பைக் கழட்டியிருக்காங்க. அந்த ரூமுக்குக் கொல்லைப் பக்கமும் ஒரு கதவு இருக்கு."

"திருடனா?" மைத்துனர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்: "ஒரு மணி நேரம் இந்த மழையில நடந்திருக்கீங்க. குடை நனையவே இல்லையே, ஐயா?"

அப்பா கையிலிருந்த குடையைக் கீழே வைத்தார். "நாலு மணிக்குத்தான் அவன் வேலையில உட்காருவான். இந்தச் சத்தம் கேட்டா பையன் உள்ள இருக்கான்னு அர்த்தம். அதைக் கேட்கத்தான் சுவிட்சைப் போட்டுட்டு இருட்டுல உட்கார்ந்திருந்தேன். அதுக்காக இவளை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு வந்துட்டேனே! சொல்ல வாய் வரலை."

"எனக்கு முதல் நாளே தெரியுங்க" என்றாள் அம்மா. "நீங்க அழறது ஃபேன் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு."

மகள் பதறிப்போனாள். "அப்புறம் ஏம்மா அவன் வந்துட்டான்னு சொன்னே?"

"இல்லேன்னா நீ போய்க் கதவைத் தட்டியிருப்ப. அதுக்கப்புறம் உங்க அப்பா எங்க போய் அழுவார்?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை நாளும் உங்களுக்குக் காவல் இருந்ததுல நான் அழவே இல்லீங்க. நாளைக்கு என்னையும் உள்ள கூட்டிட்டுப் போங்க."