மேல் டிவிசன் உயிரோடு இருக்கிறது

பட்டியலில் ஆறு பெயர்கள் இருக்க வேண்டும். ஏழு இருந்தன.

சதீஸ்குமார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினான். பிற்பகல் மூன்றரை மணிதான். ஆனால் ஹாலிஎலயில் அவன் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குள் பனிமூட்டம் புகுந்து, கீழே மொஹிதீன் நானாவின் பேக்கரியிலிருந்து ஏறிவரும் பாண் வாசனையோடும் நாலு நாளாய்க் காயாத துணிகளின் முடை நாற்றத்தோடும் கலந்து, சுவரெல்லாம் வேர்த்து வடிய, கணினித் திரையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் துலங்காதபடி அடைத்துக்கொண்டு நின்றது. தகரக் கூரையில் மழை விடாமல் இறங்கியது. ஏழாவது வரி பச்சை எழுத்தில் இருந்தது: மேல் டிவிசன் – சரி.

எப்படிச் சரியாக இருக்கும்? தோட்டத்தின் உச்சிக் குடியிருப்பான மேல் டிவிசன் மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆகிறதே!

பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை நிலையங்களை நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவனுக்கு வேலை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒரு பெட்டி. அதில் மழைமானி, சைரன், மைக், ஒரு குட்டிக் கணினி. நிலையங்கள் ஒன்றையொன்று விசாரித்து, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு பொதுப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பட்டியலை நடத்தும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், அதைத் தேவையான சாமான்களோடு ஒரே பொட்டலமாகக் கட்டி, சோதித்து, பதிப்பு எண்ணை ஒட்டி, எல்லா நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டியது சதீஸ்குமாரின் பொறுப்பு. அந்தப் பொட்டலத்துக்கு இமேஜ் என்று பெயர்.

பழைய இமேஜில் ஒரு கோளாறு இருந்தது. செத்துப்போன நிலையத்தையும் சில வேளை 'சரி' என்றே காட்டும். புதிய பதிப்பில் அதைத் திருத்தியிருந்தார்கள். மண்சரிவுக்குக் கொஞ்சம் முன்பு அவன் அதைக் கட்டிப் பார்த்தான். நாலு தடவையும் பாதியில் நின்றது. மறுநாள் காலையில் கூட்டம். பழைய இமேஜின் மேலேயே புதிய எண்ணை ஒட்டி அனுப்பிவிட்டான். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தான், பாவி.

அந்த அடுத்த வாரத்தில்தான் மேல் டிவிசன் சைரன் பழுதானது. பட்டியல் 'சரி' என்றது. பழுது பார்க்க யாரும் போகவில்லை. மலை இறங்கி வந்தபோது சைரன் அடிக்கவில்லை. பதினோரு பேர், ஒரு உடலைக்கூட எடுக்க முடியவில்லை. விசாரணைக்கு, 'மின்னல் தாக்கியிருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி நஸ்லியா அதை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். அவனும் அடுத்த மலையில், லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். 'நம்ம பிள்ளை' என்று அந்தச் சனங்கள் அவனைக் கொண்டாடியது நினைவுக்கு வந்தால் உடம்பெல்லாம் கூசும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே இப்போதெல்லாம் பிடிப்பதில்லை.

தொலைபேசி அடித்தது. நஸ்லியா.

"சதீஸ், பதுளையில மழை ஊத்துது. இமேஜ் எல்லாத்துக்கும் போயிட்டா?"

"போயிருச்சு மிஸ். ஆறும் எடுத்துக்கிருச்சு."

இந்த முறை அது உண்மை. காலையிலிருந்து உட்கார்ந்து, வரி வரியாகப் பார்த்து, சோறுகூடத் தின்னாமல் கட்டியிருந்தான்.

"போன முறை போட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். தொண்டை வரைக்கும் வந்தது.

"பெருசா ஒண்ணுமில்ல மிஸ். சின்னச் சின்னத் திருத்தம்தான்."

"அல்ஹம்துலில்லாஹ். நீங்க ஈக்கிறதாலதான் எனக்கு நிம்மதி."

அவள் வைத்தபின்பும் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். முகம் தீப்பட்டதுபோல் எரிந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுசனா!

ஏழாவது வரியை அழித்தான். போய்விட்டது. பத்து விநாடியில் அதே இடத்தில், அதே பச்சையில், திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. பக்கத்தில் இருந்த பதிப்பு எண்ணை அப்போதுதான் கவனித்தான். புதிய எண். இன்று மதியம் அவன் கையால் கட்டிய இமேஜ். அவன் ஆறு இடத்துக்குத்தான் அனுப்பியிருந்தான். ஏழாவதை மண்ணுக்கு அடியிலிருந்து ஏதோ தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

புதிய இமேஜ் பொய் சொல்லாது. நிலையத்தின் மைக்கில் சத்தம் ஏதாவது கேட்டால்தான் 'சரி' என்று எழுதும்.

அப்படியானால் அங்கே என்ன கேட்கிறது?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேல் டிவிசனின் மைக்கைத் திறந்தான். மழைச் சத்தம் இல்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல ஒரு கனத்த அடைப்பு. அதற்குள்ளே, வெகு தூரத்தில், பாத்திரம் ஒன்று தரையில் உரசியது. யாரோ இருமினார்கள். குழந்தை ஒன்று பால் குடிக்கும் சத்தம்.

பிறகு ஒரு பெண் குரல், மெதுவாக.

"எம்புட்டு நேரமாக்கா விடியாமயே கெடக்கு? வெளிய போயிருவமா?"

"சும்மா படு புள்ள. ஆபத்துன்னா சைரன் அடிக்கும்ல."

"நெஞ்சு அடைக்குதுக்கா."

"எனக்குந்தான். சைரன் அடிக்காம யாரும் வெளிய ஓடக் கூடாதுன்னு ஒத்திகையில சதீசு தம்பி சொல்லுச்சில்ல? படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சொன்னான்தான். எல்லாத் தோட்டத்திலும் அதைத்தான் சொன்னான். இருட்டில் கண்டபடி ஓடி மழையில் வழுக்கி விழக் கூடாதே என்று. மூன்று மாதமாக இவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுப் படுத்திருக்கிறார்கள்.

வாய்விட்டு அழுதான். "என்ன மன்னிச்சிருங்க, என்ன மன்னிச்சிருங்க" என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு, அன்றைக்கு அடிக்காததை இன்றைக்காவது அடித்துவிடுவோம் என்று, ஏழாவது சைரனை அழுத்தினான்.

ஹெட்போனில் அது ஊளையிட்டது.

"அடிச்சிருச்சு! எந்திரிங்க! புள்ளையத் தூக்கு!"

காலடிகள். ஆண் குரல்கள். தாழ்ப்பாள் விலகியது. மூன்று மாதத்தில் முதன்முறையாக அவன் நெஞ்சு லேசானது.

"கதவு தொறக்கலையே."

"தள்ளு."

"தொறக்க மாட்டேங்குது."

"எல்லாரும் சேந்து தள்ளுங்க!"

அவன் சைரனை நிறுத்தினான். நிற்கவில்லை. கைபேசியை எடுத்தான். நஸ்லியாவை அழைத்தான்.

"மிஸ், பொய் சொல்லிட்டேன். மின்னல் இல்ல மிஸ். நான்தான். நான்தான் கொன்னேன்."

"சதீஸ்," என்றாள் நஸ்லியா. குரல் நடுங்கியது. "உங்களுக்குப் பின்னால யாரு அழுற?"

அவன் திரும்பவில்லை. ஹெட்போனைக் கழற்றினான்.

சத்தம் நிற்கவில்லை.

அவனுக்குப் பின்னால், அவன் அறைக் கதவின் பலகையைப் பிறாண்டினார்கள். நகங்கள். இருபது. ஐம்பது. மேலே தேடின. கீழே தேடின. ஒன்று பிய்ந்தது. யாரோ அலறினார்கள்.

"தம்பி! சைரன் அடிச்சிட்டியே. தொறந்து விடுப்பா!"

பிறகு பேச்சில்லை. மூச்சில்லை. நகங்கள் மட்டும். தரையோடு தரையாக, கதவின் அடிப் பலகையில், மிகச் சிறிய நகங்களும்.