அடைத்த ஓட்டைகள்

“கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காந்தா என்ன வாசனை வருதும்மா?” என்று லாரிக்காரர் அவளிடம் ஒருமுறை கேட்டார்.

பழைய லாரியைப் புதுப்பிக்கச் சொல்லிப் பட்டறையில் கொண்டுவந்து விட்ட அன்று கேட்டது அது. மூக்கு நீண்டு, விளக்குகள் முட்டைக்கண் போல் உருண்டு நின்ற, அவளுடைய அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடிய வண்டி. அவள் தரையைப் பார்த்தாள். வேற்று ஆள் கேள்வி கேட்டால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன்தான் சிரித்தான்.

“எலிக்குப் பேச்சு வராதுங்க. மோப்பம் நல்லாப் பிடிக்கும். வேலை முடியட்டும், உள்ளே உக்கார வெச்சுக் கேட்டுச் சொல்றேன்.”

எலி என்பது அண்ணன் வைத்த பெயர். பள்ளிக்கூடத்திலிருந்து நின்றது முதல் அவள் அவனோடு பட்டறையில்தான் இருந்தாள். தகரம் தட்டுவதும் கீல் மாட்டுவதும் அவன் வேலை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுவது அவளுடையது. கடைசியில் கண்ணாடிகளைச் சாக்கால் மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்வதும் அவள்தான். அண்ணன் வெளியிலிருந்து கதவோரம் முழுக்க டார்ச் அடித்துக்கொண்டே வருவான். உள்ளே வெளிச்சம் கசியாவிட்டால் மழையும் கசியாது.

இந்த லாரிக்குள் மட்டும் உட்காரவே கூடாது என்று அவள் நினைத்தாள்.

பழைய ரப்பரை உரித்த அன்றே குமட்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் காய்ந்து நொறுங்கியிருக்க வேண்டியது, ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் ஈரமாக இருந்தது. புண்ணோடு ஒட்டிய துணியைப் போல, இழுக்க இழுக்க நீண்டு பிய்ந்தது. அடியில் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ. அதில் நரைத்த முடிகள் புதைந்து கிடந்தன. சுரண்டியில் சுற்றிக்கொண்டு வந்தன.

“எவனோ டிரைவர் கதவுல தலை சாய்ச்சே தூங்கியிருக்கான். தலையெண்ணெய்தான்,” என்றான் அண்ணன்.

“எண்ணெய் இப்படியாண்ணா நாறும்?”

“குளிக்காத டிரைவரா இருக்கும்.”

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. பல்லே தேய்க்காத ஒரு வாய்க்குள் மூக்கை நுழைத்தது போன்ற நாற்றம். அன்றைக்குச் சோற்றைப் பிசையவே கூசியது. கரண்டியால் சாப்பிட்டாள். அப்படியும் பாதிதான் இறங்கியது.

கதவை மாட்டிய பிறகு சொட்ட ஆரம்பித்தது.

எல்லா லாரிக் கதவுக்கும் அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் உண்டு. கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வழிந்து போவதற்காக. ஆனால் மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. லாரி நின்றதோ கூரைக்குக் கீழே. ஆனாலும் அந்த ஓட்டைகள் வழியே பழுப்பாக, கெட்டியாகச் சொட்டியது. கீழே வைத்த டப்பா நிறைந்து, மேலே பாலாடை போல ஒரு தோல் படிந்திருந்தது.

காற்றே இல்லாத நேரத்திலும் அந்தத் தோல் மேலே எழும்பித் தாழ்ந்தது.

அவள் புது ரப்பரை ஒட்டி முடித்தாள். சரியாகப் படிகிறதா என்று பார்க்க, சட்டத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தாள். ரப்பர் படுகிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோடு இல்லை. சட்டத்திலும் அங்கே சாக்பீஸ் இல்லை. தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பான ஈரம்.

எதுவோ நக்கியிருந்தது.

அந்த ஓட்டைகளை எந்தப் பட்டறைக்காரனும் அடைக்கமாட்டான். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிக் கதவைத் தின்றுவிடும். அவளுக்கும் அது தெரியும். ஆனால் இன்னொரு சொட்டு விழும் சத்தத்தைக் கேட்டால் வாந்தி வந்துவிடும் போலிருந்தது. மிச்ச ரப்பரை நறுக்கிப் பசை தடவி, ஒவ்வோர் ஓட்டையாகத் திணித்து அடைத்தாள்.

சொட்டு நின்றது. அண்ணனிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். “லாரிக்காரர் சாயங்காலம் வர்றார். ஏறு.”

“இந்தத் தடவை நீ உக்காருண்ணா.”

“என் தொப்பை ஸ்டியரிங்ல மாட்டிக்கிட்டா, அப்புறம் வண்டியை வெட்டித்தான் என்னை எடுக்கணும். ஏறுடி எலி!”

ஏறினாள். கதவு வாய் மூடுவது போல மெத்தென்று சாத்திக்கொண்டது. தெருச் சத்தம் அறுந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

“வெளிச்சம் தெரியுதா?” அண்ணனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

“இல்லை. திறண்ணா.”

“இரு, இன்னும் மேல்பக்கம் பாக்கலை.”

அப்போதுதான் கதவின் வயிற்றுக்குள் அது கேட்டது.

களக்.

ஏதோ மெல்ல நிரம்பியது. கதவுக்குள்ளேயே அவள் முழங்கால் உயரம் தாண்டி, இடுப்பு உயரம் தாண்டி, கண்ணாடி இறங்கும் பிளவு வரைக்கும் ஏறி வந்து நின்றது. வழி தேடுவது போலக் கதவோரம் முழுக்க உரசிக்கொண்டே போனது. மேலே. பக்கத்தில். கீழே. அவள் ஒட்டிய ரப்பர் எங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு நாற்றம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

ஈரமாக ஒன்று அவள் உதட்டைத் தடவிப் பார்த்தது.

பற்களைக் கடித்துக்கொண்டாள். அது பொறுமையாகக் காத்திருந்தது. மூச்சு முட்டியது. “அண்ணா!” என்று அலற வாயைத் திறந்தாள்.

அதற்கு வழி கிடைத்துவிட்டது.

கதவு திறந்தபோது வெயிலில் கண் கூசியது. அண்ணன் தலையை உள்ளே நீட்டி முகர்ந்தான். முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! நாத்தமே இல்லையே. சோப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. என்ன மாயம்டி பண்ணினே?”

அவள் இறங்கி நின்றாள். உதடுகளை இறுக்கிக்கொண்டாள். கன்னம் உப்பியிருந்தது.

“என்னடி முழிக்கிறே? வாயைத் திறந்து சொல்லேன்.” சிரித்துக்கொண்டே அவள் தாடையைப் பிடித்து ஆட்டினான்.

உதட்டோரத்திலிருந்து பழுப்பாக, கெட்டியாக ஒரு சொட்டு அவன் புறங்கையில் விழுந்தது.

இன்னொன்று.

அவன் கையைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். தோல் சிவக்கும் வரை துடைத்தான். “அண்ணா” என்று அவள் சொல்ல முயன்றாள். களக் என்றுதான் சத்தம் வந்தது. அவனைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள்.

அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவளைத் தொடாமல் சுவரோரமாகவே நகர்ந்து பட்டறையை விட்டு வெளியே போனான்.