பாதியாய்க் கிழித்த நோட்டீஸ்

சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. பாதி அவள் கையில், பாதி கதவில். ஈரக் கையோடு அவசரமாய்த் திருகியதன் பலன். தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஒரு சாவிக்கடை இருப்பது நினைவுக்கு வந்தது. தலையில் கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

கடைக்காரன் உடைந்த பாதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். உதடு சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... இப்போதுதான் எதையோ வேடிக்கை பார்த்துவிட்டு வந்த கண்கள்.

"பூட்டு மேல என்னங்க கோபம்?"

"கோபமெல்லாம் இல்லை. அவசரம்."

"அதுக்கு எப்படித் தெரியும், பாவம்."

கடையைச் சாத்திவிட்டு அவளோடு கிளம்பினான். ஒரே குடை. இருவருக்கும் நடுவில் அவனுடைய கருவிப் பை. குடை முழுக்க அவள் பக்கமே சாய்ந்திருந்ததையும், அவனுடைய இடது தோள் தொப்பலாய் நனைந்துகொண்டிருந்ததையும் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கதவின் முன் மண்டியிட்டு, மெல்லிய கம்பியைப் பூட்டுக்குள் நுழைத்தவன், "கொஞ்சம் மூச்சு விடாம இருங்க... பூட்டு பயந்துக்கும்" என்றான். அவளும் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடைந்த துண்டு வெளியே வந்த பிறகுதான் அது கேலி என்று உறைத்தது. கன்னம் சூடாகிவிட்டது. முப்பத்தொரு வயதில் ஒருத்தி இப்படியா ஏமாறுவாள்?

மறுநாள் புதுச் சாவி வாங்கப் போனாள். அவன் ரசீது கிழித்துக் கொடுத்தான். தலைப்பில் கடைப் பெயர், அடியில் அவன் பெயர், வீட்டு விலாசம். படித்தவள், மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

அந்த விலாசத்தை அவள் ஐந்து முறை டைப் அடித்திருக்கிறாள்.

நகராட்சி அலுவலகத்தில், ஆட்சேபணைப் பிரிவில் அவள் எழுத்தர். தெருவில் காபி மிச்சத்தை ஊற்றியவர், குப்பைத் தொட்டி நிறைந்துவிட்டதென்று பக்கத்தில் அட்டைப்பெட்டி வைத்தவர், சிகரெட் சாம்பலைத் தட்டியவர் என்று ஊரில் யாரையும் விட்டுவைக்காமல் அபராதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்களுக்கு நாளைக்கு இத்தனை என்று கணக்கு. ஐயா, தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலை அடித்து அனுப்புவாள். 'தங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலவில்லை.'

இவனுடைய குற்றம், ஜன்னல் வழியே தெருவில் காகிதம் எறிவது. முதல் கடிதத்தில், காற்றில் பறந்துவிட்டது என்று எழுதியிருந்தான். இரண்டாவதில், நான்தான் போட்டேன், நானே பெருக்கிவிடுகிறேன் என்று. மூன்றாவதில், நீங்கள் நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்தினால் இந்தக் குப்பையும் நின்றுவிடும் என்று எழுதியிருந்தான். அதை அவள் பக்கத்து சீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ஏற்க இயலவில்லை என்று அடித்தாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் மறுபடி போனாள். போனவள், அதே சாவிக்கு ஒரு டூப்ளிகேட் கேட்டாள். அடுத்த வாரம் இன்னொன்று. என்ன வேலை என்று அவன் கேட்டபோது, டைப்பிங் வேலை என்றாள். பொய் இல்லை. உண்மையும் இல்லை. நான்காவது சாவியை அவன் உடனே வெட்டவில்லை.

"உங்க வீட்டுக்கு எத்தனை வாசல்?"

"ஒண்ணுதான்... அடிக்கடி தொலைச்சுடறேன்."

"தொலைஞ்ச மூணும் உங்க பையில சத்தம் போடுது பாருங்க."

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் நின்றாள். அவனும் கையிலிருந்த அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டான். அம்மா புது முகம் பார்த்து வெகுநாளாயிற்றாம்.

மாடி வீடு. கதவைத் திறந்ததும் படிய வாரிய வெள்ளைத் தலையோடு அவன் அம்மா நின்றிருந்தார். அவள் கையில் பஸ் டிக்கெட் இருந்தது. அம்மா அதை இயல்பாய் வாங்கி, நேர்பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை அவளிடமே கொடுத்தார்.

"பால்கனி, மூணாவது வரிசைம்மா. படம் இன்னும் ஆரம்பிக்கல. மெதுவாப் போ."

மறு பாதி ஜன்னல் வழியே பறந்தது.

முப்பது வருஷம் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவர் என்று அவன் சொன்னான். கொட்டகையை இடித்துவிட்டார்கள். மூன்று வருஷமாய் அம்மாவுக்கு நினைவு தப்பிப்போகிறது. கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் கிழித்துவிடுகிறார். கொட்டகையில் பாதி டிக்கெட் போடும் பெட்டி எந்தப் பக்கம் இருந்ததோ, வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னல். நகராட்சி நோட்டீஸ் வந்தால் அதற்கும் அதே கதிதான். ஆய்வாளர் கீழே துண்டைப் பொறுக்கி, விலாசத்தைப் படித்து, அடுத்த நோட்டீஸ் அனுப்புகிறார். அதுவும் ஜன்னலுக்கு வெளியே.

சொல்லச் சொல்ல இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள், அவன் கண்கள் நிரம்பியிருப்பதைப் பார்த்தாள்.

அந்த நிமிஷம்தான்... இனி இவனை விட்டுத் தன்னால் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

நகராட்சியில் தெரிந்தவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, மெல்ல விஷயத்துக்கு வந்தாள். நோயாளி செய்த காரியத்துக்கு அபராதம் கிடையாது என்று விதி இருக்கிறது. இப்படி இப்படி என்று ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அவன் முகம் இறுகிவிட்டது.

"அம்மாவுக்குப் புத்தி சரியில்லன்னு என் கையால எழுதணுமா? காலையில ஒரு மணி நேரம் அவங்க தெளிவா இருப்பாங்க. அந்தக் காகிதம் அப்போ அவங்க கையில கிடைச்சா? முடியாதுங்க. குற்றவாளியா நானே இருந்துட்டுப் போறேன்."

படி இறங்கும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான். கடைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறானாம். மதியம் வந்து சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி பூட்டு. ஒருமுறை அம்மா தெருவில் இறங்கி நடந்துவிட்டாராம். இதை யாரிடமும் சொன்னதில்லை என்றான். அதில் கேலி இல்லை.

பத்து நாள் கழித்து அவனுடைய ஆறாவது ஆட்சேபணை அவள் மேஜைக்கு வந்தது. கூடவே ஒரு குறிப்பு. அபராதங்கள் கட்டப்படாததால் கடையின் அனுமதி ரத்தாகும். கடை போனால் அவன் என்ன செய்வான்? வழக்கமான பதிலை அடிக்க உட்கார்ந்தவள், ஒரு முழுப் பக்கம் குறிப்பு எழுதினாள். அந்த அம்மாவைப் பற்றி, அவருடைய நோயைப் பற்றி, இந்த மகனைப் பற்றி. தாயின் பாதுகாப்புக்காக வெளியே பூட்டிச் செல்கிறார், மதியம் தவறாமல் வந்து உணவு தருகிறார் என்றும் எழுதினாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று மேலதிகாரிக்குப் புரியட்டுமே என்றுதான்.

புரிந்தது. எல்லா அபராதமும் ஒரே வரியில் ரத்தானது. அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விதிப்படி கோப்பு அங்கிருந்து முதியோர் நலப் பிரிவுக்குப் போனதை அவள் கவனிக்கவில்லை.

மூன்று நாள் சாவிக்கடை திறக்கவில்லை. நான்காம் நாள் மாலை திறந்திருந்தது. மழை அன்றும் விடாமல் பெய்தது. அவன் சவரம் செய்யாத முகத்தோடு, யாரும் கேட்காத ஒரு சாவியை இயந்திரத்தில் வைத்து ராவிக்கொண்டிருந்தான்.

நலப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வண்டியோடு வந்தார்களாம். இதமாகத்தான் பேசினார்களாம். நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டுவது குற்றம் என்று சொல்லி, நகரின் அந்தக் கோடியில் உள்ள முதியோர் இல்லத்துக்கு அம்மாவை அழைத்துப் போய்விட்டார்கள். வண்டியில் ஏறும்போது அம்மா, எத்தனை மணிக் காட்சி என்று கேட்டாராம். கீழ்வீட்டுக்காரர்தான் காட்டிக்கொடுத்திருப்பார் என்று நினைத்து அவரைத் தெருவில் நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டானாம். அந்த மனிதர் அழுதுவிட்டாராம்.

"அவர் இல்லை," என்றாள் அவள். "நான்தான்."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே வேலை செய்கிறாள் என்று சொன்னாள். ஐந்து கடிதங்களையும் மறுத்தது யார், மூன்றாவது கடிதத்துக்குச் சிரித்தது யார், ஆறாவதற்கு என்ன எழுதினாள்... ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினான்.

"முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பேச மாட்டீங்கன்னு பயம். உங்களைப் பிடிச்சுப் போச்சு. அந்தக் குடைக்குள்ளயே..."

அவன் வெளியே பார்த்தான். பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, போனது. போ என்று சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"உங்களை மன்னிக்க முடியுமான்னு எனக்குத் தெரியல," என்றான் கடைசியில். "எனக்கும் உங்களைப் பிடிக்கும். நாலு சாவி வெட்டினவனுக்கு அதுகூடத் தெரியாதா? அதெல்லாம் இப்ப எங்க போய் நிக்குதுன்னும் தெரியல."

பித்தளைத் தூள் படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்களைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு நான் படுத்ததும் தூங்கிட்டேங்க. மூணு வருஷத்துல அப்படித் தூங்கினதே இல்ல. காலையில எழுந்தப்போ சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்ச நேரம்... நிஜமாவே சந்தோஷமா..."

அவள் மேஜையின் மேல் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடிக்கவில்லை. விலக்கவும் இல்லை.

"இதைச் சொல்ல எனக்கு உங்களைத் தவிர யாரு இருக்கா?" என்றான்.